மருந்துக் கணக்கு

நாகூரில் கப்பலேறி ஆவாவில் கடை போட்ட
மாமு நெய்னா நான்.
அரசருக்கு என் பெயர் தெரியாது,
என் தராசு தெரியும்.
நோய்க்குக் கொடுப்பதும் பீரங்கிக்கு இடிப்பதும்
என் மொழியில் ஒரே சொல்: மருந்து.
நான் விற்றது இரண்டாவது.

நெம்யோ ஸேயா எல்லைப் போருக்குக் கிளம்பிய மழையில்
நானூறு வீசை நிறுத்து வைத்திருந்தேன்.
அரண்மனை ஆள் குடையை மடக்காமலே சொன்னான்:
"இருநூறு போதும்."
பாதி மருந்தில் போரா என்றேன்.
"ஜெயித்துத் திரும்பும்போது
கையில் மிச்சம் இருக்கக் கூடாதாம்."

மீதியைத் திரும்பச் சாக்கில் கொட்டினேன்.
கணக்கில் எழுதினேன்: அரசர் பேரில், நிலுவை, இருநூறு.

ஜெயித்தான்.
நனைந்த மருந்தைப் பையில் கட்டி
வயிற்றுச் சூட்டில் உலர்த்திக்கொண்டு
குப்புறப் படுத்துத் தூங்கினார்களாம் அவன் ஆட்கள்.

திரும்பியவனுக்குத் தங்கக் குடை தந்தார் அரசர்.
குடை பிடித்தவன் ஒற்றன்.
அவனைக் கண்காணிக்க வெற்றிலைப் பெட்டிக்காரன்.
வெற்றிலைக்காரனைக் கண்காணிப்பது யாரென்று
கடைவீதியில் நாங்கள் பந்தயம் கட்டினோம்.
நான் தோற்றேன். சமையல்காரன் என்று சொல்லியிருந்தேன்.

அவன் மனைவியும் மூன்று பிள்ளைகளும்
அரண்மனைக்குள் விருந்தாளிகள்.
கடைக்குட்டி நடை பழகியது அங்கேதான்,
காவலாளியின் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு.

அல்லாஹ் அறியச் சொல்கிறேன்,
அதுவரை அவன் மனதில் ஒன்றுமில்லை.
கலகம் நினைப்பவன் கடன் வாங்குவான்.
அவன் என் பழைய பாக்கியைத் தீர்த்தான்,
வட்டியோடு, நான் கேட்காமலே.

பிறகு அந்த ஓலை போனது. ஏழு கேள்விகள்.
படித்துக் காட்டிய எழுத்தன் என் வாடிக்கைக்காரன்.

மியிட்ங்கே ஆறு கோடையில்
எந்த இடத்தில் முழங்காலளவென்று
உனக்குச் சொன்னது யார்?

யாரும் சொல்லவில்லை.

நாலு மாதமாய்ச் சம்பளம் காணாத
வடக்கு வாசல் காவலரோடு
என்ன பேசினாய்?

பேசவில்லை. சம்பளம் நின்றதே தெரியாது.

என் அண்ணன் மகனுக்கு எதற்குக் குதிரை அனுப்பினாய்?

அப்படி ஒருவன் உயிரோடு இருக்கிறானா
என்று எழுத்தனைக் கேட்டானாம்.

அன்றிரவு விளக்கை அவன் அணைக்கவில்லை.
வாசித்த ஓலையையே வாசித்தான்.
முதலில் குற்றம் சாட்டப்பட்டவனாக.
கோழி கூவும் நேரத்தில்,
வழி கேட்டவனுக்கு வழி கிடைத்ததுபோல.

ஏழு கேள்விக்கும் பதில் எழுதவில்லை.
ஏழையும் செய்தான்.

பங்குனியின் நடுவில் ஓர் இரவு
என் கதவைத் தட்டினார்கள்.
"அந்த இருநூறு வீசை இருக்கிறதா?"
விலை கேட்டேன்; கை நடுங்கினாலும்
வாய் வியாபாரம் மறக்காது.
"அரசர் கணக்கில் எழுது" என்றான் ஒருவன்.
இருட்டில் யாரோ சிரித்தார்கள்.
அவன் சிரிக்கவில்லை.

வடக்கு வாசல் உள்ளிருந்தே திறந்தது.
கடைசி மாலையில் அரசருக்கு
முகமெல்லாம் வெளிச்சம் என்கிறார்கள்.
"பார்த்தீர்களா? அன்றே சொன்னேனே."
எத்தனை வருஷக் காத்திருப்பு,
அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பிள்ளைகளைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.
அந்த ஈட்டிக்காரன் பிறகு
கடைப்பக்கம் வந்ததில்லை.

அண்ணன் மகன் அரியணையில் இருந்தது ஒன்பது நாள்.
பத்தாம் நாள் குடை நெம்யோ ஸேயாவின் தலைக்கு மேல்.
கணக்கோடு என்னைக் கூப்பிட்டார்கள்.

"அரசர் பேரில் இருநூறு நிலுவை.
கொடுத்தது யாருக்கு?"

"தங்களுக்குத்தான்," என்றேன்.

தலையாட்டினான்.
பிறகு என்னைப் பார்த்தான்,
நிறுத்துப் பார்ப்பதுபோல,
கொஞ்சம் அதிக நேரம்.

அன்றே ஐராவதியில் கீழே இறங்கும் படகு பிடித்தேன்.
கடையை விட்டேன், பாக்கியை விட்டேன்.
தராசை மட்டும் மடியில் வைத்திருந்தேன்.
காற்றில்லை.
தட்டுகள் இரண்டும் ஆடிக்கொண்டே இருந்தன.